வரிசைக்குக் காய்ச்சிய கஞ்சி

துரைராஜா சாப்பாட்டுக் கரியரைத் திறக்க மாட்டேன் என்றார்.

"ஏனப்பா, பசிக்கேல்லையோ?" என்று அவருடைய மனைவி தேவமலர் கேட்டார். வீட்டிலிருந்து எதிர்க்காற்றில் சைக்கிள் உழக்கி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"பசிக்குது. ஆனால் இதிலை இருந்து எப்பிடிச் சாப்பிடுறது? சுத்திப் பாரும்."

தேவமலர் சுற்றிப் பார்த்தார். முன்னால் நின்ற மோட்டார் சைக்கிளில் ஒரு வாத்தியார் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். பின்னால் நின்ற ஓட்டோவில் இரண்டு பேர் ஒரு பிஸ்கட் பைக்கற்றை நடுவில் வைத்து மாறி மாறி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கரியரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதுதான் தெரிந்தது.

நாட்டில் எரிபொருள் இல்லாமல் போன அந்த ஆண்டின் ஆடி மாதம் அது. நெல்லியடிச் சந்திக்குக் கிட்ட இருந்த பெற்றோல் செற்றுக்கு முன்னால், வீதியின் ஒரு பக்கத்தில் பெற்றோலுக்கும் மறுபக்கத்தில் டீசலுக்குமாக இரண்டு வரிசைகள் நின்றன. எரிபொருள் கொண்டுவருகிற பவுசர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இடத்தை விட்டுப் போனால் இடம் போய்விடும். ஆகவே ஆட்கள் வாகனத்திலேயே படுத்து, வாகனத்திலேயே எழும்பினார்கள். காஸ் இல்லாததால் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைகளும் பூட்டிக் கிடந்தன. துரைராஜாவின் ஓட்டோ அந்த வரிசையில் மூன்றாவது நாளாக நின்றது.

"இதை நீங்கள் நாலு பேருமாப் பகிர்ந்து சாப்பிடுங்கோ" என்று கரியரை இருக்கையில் வைத்துவிட்டு, தேவமலர் வீதியைக் கடந்து டீசல் வரிசைக்குப் போனார். அங்கே அவர்களுடைய சபையின் பழைய வான் நின்றது. வெள்ளை வான், இரண்டு பக்கமும் "இயேசு உங்களை நேசிக்கிறார்" என்று நீலத்தில் பெரிய எழுத்து. உள்ளே போதகர் றொபின் கிற்றாரின் ஒரு கம்பியை இறுக்கிக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயதுக்காரன், மெலிந்தவன், சிரித்தபடியே கதைப்பவன். பக்கத்தில் அவனுடைய மனைவி ஷாமினி. சபையில் பாட்டுக்கு அவள்தான்.

இரண்டு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் இந்த இருவரும் நெல்லியடி பஸ் ஸ்ராண்டில் நின்று பாடியிருக்கிறார்கள். ஷாமினி பாடுவாள், றொபின் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசுவான். சனம் பையைத் தூக்கிக்கொண்டு, நடையைக் கொஞ்சம் விரைவாக்கிக்கொண்டு போகும். முழுப் பிரசங்கத்தையும் இருந்து கேட்டது ஒரேயொரு நாய்தான் என்று றொபினே சபையில் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

"பாஸ்ரர், நாளைக்குக் கஞ்சி காய்ச்சுவம்" என்றார் தேவமலர்.

"ஆருக்கு அன்ரி?"

"இந்த வரிசைக்கு."

றொபின் வானின் யன்னலால் தலையை நீட்டிப் பார்த்தான். வரிசையின் முடிவு சந்தியால் திரும்பி மறைந்திருந்தது. "முழுக்கவோ?"

"பானை கொள்ளுற அளவுக்கு."

சபையில் அறுவடைப் பண்டிகைச் சாப்பாடு வருடாவருடம் தேவமலரின் கையால்தான் நடக்கும். நிறையச் சமைத்துப் பழகிய பெண்மணி. ஆனால் நாலு பேருக்கு முன்னால் வாய்விட்டு ஜெபிக்கச் சொன்னால் கால் நடுங்கும். 'எனக்குத் தெரிஞ்ச ஜெபம் அடுப்படியிலைதான்' என்பார். அன்று பின்னேரமே சபை ஆட்கள் அவருடைய வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். ஒருவர் சுளகில் அரிசி, ஒருவர் இரண்டு தேங்காய், லூர்த்தம்மா என்ற வயதான அம்மா தன் வேலி முருங்கையிலிருந்து ஒரு கட்டு இலை. மறுநாள் தேவமலரின் வீட்டு வளவில் மாமரத்தின் கீழ் மூன்று கல்லை வைத்து, பனைமட்டையும் பனங்கொட்டை ஊமலும் போட்டு நெருப்பு மூட்டினார்கள். வெயில் தணிகிற நேரத்தில் தேங்காய்ப்பாலும் முருங்கையிலையும் மணக்கிற கஞ்சிப் பானை ஒரு தள்ளுவண்டியில் ஏறி நெல்லியடிக்குப் போனது. பின்னால் ஷாமினி பனையோலையில் கிண்ணம்போல மடித்த பிளாக்களைக் கடகத்தில் சுமந்து வந்தாள்.

ஒருவரும் இறங்கி வரவில்லை.

பானை மூடியைத் திறந்ததும் வரிசையிலிருந்த தலைகள் திரும்பின. திரும்பியபடியே நின்றன. றொபின் வானின் பற்றரியிலிருந்து மைக்குக்கு வயர் கொடுத்தான். இவ்வளவு பேர் ஒரே இடத்தில், ஓரிடமும் போகாமல், தன் முன்னால் நிற்பதை அவன் வாழ்க்கையில் கண்டதில்லை. அவன் குரலிலேயே அந்தச் சந்தோஷம் இருந்தது.

"அன்பான சகோதரங்களே, இவ்வளவு காலமும் நாங்கள் எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தம். இண்டைக்கு ஆண்டவர் எங்களை நிப்பாட்டி வைச்சிருக்கிறார்..."

"தம்பி" என்று ஒரு குரல் வந்தது. வானுக்கு முன்னால் நின்ற லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஒரு மனிதர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, தோளில் சால்வை. கரவெட்டியில் வெங்காயப் பயிர் செய்கிற சீவரத்தினம். "என்னை நிப்பாட்டி வைச்சிருக்கிறது டீசல்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். சீவரத்தினம் சிரிக்கவில்லை.

"பஸ் ஸ்ராண்டிலை நீர் கதைக்கேக்கை நான் என்ரை பாட்டுக்குப் போயிருக்கிறன். அதிலை எனக்கும் உமக்கும் ஒரு கோவமும் இல்லை. இப்ப நான் போகேலாமல் நிக்கிறன். ஓடேலாத சனத்தைப் பிடிச்சு வைச்சுப் பிரசங்கம் பண்ணுறது நியாயமோ? அதுதான் கஞ்சியின்ரை விலை எண்டால், எனக்கு வேண்டாம்."

றொபின் மைக்கைப் பிடித்தபடி நின்றான். காது சிவந்துபோனது. ஷாமினி அவனைப் பார்க்காமல் பிளாக்களை அடுக்கினாள். அவளுக்கு அவனுடைய நெஞ்சு தெரியும்; இரண்டு வருடமாக ஒருவரும் நில்லாத இடத்தில் நின்று பேசியவன். மனிதர் சொன்னதை அவன் தனக்குள்ளே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறான் என்பதும் தெரிந்தது.

"ஐயா சொல்லுறது சரி" என்றான் மைக்கில். "கஞ்சிக்கு விலை இல்லை. பிரசங்கமும் இல்லை. குடிச்சிட்டு எங்களைப் பாக்காமல் மற்றப் பக்கம் திரும்பி இருந்தாலும் காரியமில்லை." சொல்லிவிட்டு வயரைக் கழற்றினான்.

தேவமலர் ஒரு பிளாவை நிறைத்துக்கொண்டு நேராகச் சீவரத்தினத்திடம் போனார். "அண்ணை, இது மச்சம் மாமிசம் படாத பானை. புதுசு."

"அதுக்கில்லைத் தங்கச்சி..." என்று அவர் இழுத்தார். பிறகு, "நீங்கள் குடிச்சியளோ?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை."

"அப்ப நீங்களும் ஒண்டு எடுங்கோ. நான் தனியக் குடிக்க மாட்டன்."

இருவரும் லான்ட்மாஸ்ரர் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்து குடித்தார்கள். சீவரத்தினம் பாதியில் நிறுத்தி, "தேசிக்காய்ப் புளி இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாம்" என்றார். அதைக் கேட்டதும்தான் மோட்டார் சைக்கிள் வாத்தியார் துவாயை எடுத்துவிட்டு எழும்பி வந்தார். அதற்குப் பிறகு பானைக்கு முன்னால் இன்னொரு வரிசை உண்டாகிவிட்டது. இருட்டுவதற்கு முன் பானையின் அடி தெரிந்தது.

மறுநாளும் கஞ்சி வந்தது, தேசிக்காய் கொஞ்சம் கூடுதலாக. அதற்கடுத்த நாளும். மைக் வானுக்குள்ளேயே கிடந்தது. றொபின் வெறும் கிற்றாரை வைத்து வாசிப்பான், ஷாமினி பாடுவாள். கேட்க விரும்பியவர்கள் கிட்ட வந்து இருந்தார்கள். ஒருநாள் கஞ்சி குடித்து முடித்த சீவரத்தினம் பிளாவை மடித்துக்கொண்டு கேட்டார்.

"தங்கச்சி, உங்கடை சாமி எப்பவாவது கஞ்சி காய்ச்சினவரோ?"

தேவமலர் யோசித்தார். இப்படி ஒருவர் தன்னிடம் கேட்டதே இல்லை. கை அகப்பையைப் பிடித்திருந்ததால் கால் நடுங்கவில்லை. "கஞ்சி இல்லை. மீன் சுட்டவர். அவரின்ரை ஆக்கள் மீன்பிடிக்கக் கடலுக்குப் போயிட்டு ஒண்டும் படாமல் திரும்பி வருகினம். விடியக் கரையிலை நெருப்பு மூட்டி, மீனும் பாணும் வைச்சிட்டு, வாங்கோ வந்து சாப்பிடுங்கோ எண்டு கூப்பிட்டார்."

"அவங்களுக்குப் புத்தி சொல்லேல்லையோ?"

"சொன்னவர். சாப்பிட்டு முடிஞ்ச பிறகு."

சீவரத்தினம் தலையை ஆட்டினார். "நல்ல மனுசன்" என்றார். அன்று அவர் கேட்டது அவ்வளவுதான். தேவமலர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவுமில்லை. ஆனால் வீட்டுக்குச் சைக்கிள் உழக்கும்போது அவர் வழி முழுக்கப் பாடிக்கொண்டே போனார்.

வியாழக்கிழமை பின்னேரம் டீசல் வரிசையின் கடைசியில் ஒரு வான் வந்து நின்றது. நின்றது என்பதைவிட, ஐந்து பேர் அதைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள் என்பதே சரி. கூரையில் பெட்டிகள், உள்ளே உறை போட்ட தவில்களும் நாதஸ்வரங்களும். இணுவிலிலிருந்து வந்த மேளக்காரர்கள். மருதங்கேணிப் பக்கத்தில் ஒரு அம்மன் கோயிலில் சனிக்கிழமை காலையில் கொடியேற்றம். வழியில் டீசல் முடிந்துவிட்டது. குழுவுக்குத் தலைவன் போல நின்ற தவில்காரன் வாகீசன், நீளமான வரிசையைப் பார்த்துவிட்டு வீதியோரத்திலேயே குந்திவிட்டான்.

"மேளம் இல்லாமல் எப்பிடிக் கொடி ஏத்துறது?" என்று தனக்குத்தானே சொன்னான். தேவமலர் ஒரு பிளாவைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவன் யார், என்ன என்று கேட்காமல் வாங்கிக் குடித்தான்.

அன்றைக்குத்தான் ஷாமினி அந்தப் பாட்டைக் கட்டினாள். கட்டினாள் என்று சொல்வதும் பெரிய சொல். வழமையான பாட்டுகள் முடிந்தபின், கிற்றார் ஓடிக்கொண்டிருக்க, விளையாட்டாக வாயில் வந்ததைப் பாடினாள்.

வரிசையிலை நிக்கிறம் ஆண்டவரே - எங்கடை
வண்டியெல்லாம் தூங்குது ஆண்டவரே
கண் திறந்து பாருமன் ஆண்டவரே - ஒரு
கான் எண்டாலும் நிரப்புமன் ஆண்டவரே

சிரிப்பு வரிசையின் நீளத்துக்கு ஓடியது. "இன்னொருக்கால் பாடுங்கோ பிள்ளை" என்று வாத்தியார் கேட்டார். இரண்டாம் முறை "ஆண்டவரே" என்ற இடத்தில் ஐம்பது குரல்கள் சேர்ந்தன. எந்த ஆண்டவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு தானும் ஒரு அடி போட்டார்.

பள்ளிக்கூடம் பூட்டிப்போச்சு ஆண்டவரே - பெடியள்
பட்டம் விட்டுத் திரியிறாங்கள் ஆண்டவரே

உண்மையாகவே மேலே சோளகக் காற்றில் நாலைந்து பட்டங்கள் நின்றன. எல்லாரும் சீவரத்தினத்தைப் பார்த்தார்கள். அவர் சால்வையைச் சரிசெய்தார். வேண்டாம் என்பது போலக் கையைக் காட்டினார். பிறகு தேவாரம் பாடிப் பழகிய கனமான குரலில், கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

வெங்காயம் வாடுது ஆண்டவரே - என்ரை
வீட்டுக்காறி பேசுறா ஆண்டவரே

துரைராஜா ஓட்டோவுக்குள் உருண்டு உருண்டு சிரித்தார். குந்தியிருந்த வாகீசன் எழும்பிவிட்டான். அவனுடைய விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டிருந்தன. றொபின் அதைக் கண்டு, "அண்ணை, தவிலை எடுங்கோவன்" என்றான்.

வாகீசன் தலையை அசைத்தான். "குறை நினையாதேங்கோ. கொடியேத்தத்துக்குக் கொண்டு போற தவில். அம்மனுக்கு வாசிக்க முதல் வேறை எங்கையும் எடுக்க மாட்டன்."

"சரி அண்ணை. எனக்கு விளங்குது" என்றான் றொபின். அவனுக்கு உண்மையில் விளங்கியது.

ஆனால் விரல்கள் விடவில்லை. வாகீசன் சுற்றுமுற்றும் பார்த்தான். வரிசை முழுக்கக் காலிப் பிளாஸ்ரிக் கான்கள்; ஆளுக்கு ஒன்றோ இரண்டோ, பெரிதும் சிறிதுமாக. ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தான். வைத்தான். இன்னொன்றை எடுத்தான். "அந்த நீலக் கானைத் தாங்கோ... இல்லை, மற்றது" என்று வரிசையோடு நடந்து நடந்து தெரிந்தெடுத்தான். கடைசியில் வாத்தியாரின் சின்னக் கான் ஒன்று, சீவரத்தினத்தின் பெரிய கான் ஒன்று. இரண்டையும் மடிக்கு இரண்டு பக்கமும் சரித்து வைத்துக்கொண்டு, "ம், பாடுங்கோ தங்கச்சி" என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததை நெல்லியடியில் இன்றும் கதைக்கிறார்கள். காலிக் கானிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எவரும் நினைத்ததில்லை. றொபின் கிற்றாரைத் தட்டினால் வாகீசன் அதற்குப் பதில் சொல்வான். பிறகு இவன் ஒரு சுற்றுச் சுற்றி விடுவான், றொபின் பிடிக்க முடியாமல் சிரித்துக்கொண்டு தலைமேல் கையை வைப்பான். நாதஸ்வரக்காரர்கள் கைத்தாளம் போட்டார்கள். சந்தியிலிருந்து சனம் வந்தது. பூட்டிய கடைக்காரர்கள் வந்தார்கள். பாட்டுக்கு அடி சேர்த்துச் சேர்த்து, கடைசியில் அதற்கு முடிவே இல்லாமல் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பவுசர் வந்தது. டீசல் மட்டும்தான், அதுவும் கொஞ்சம். சீவரத்தினத்தின் லான்ட்மாஸ்ரருக்குக் கிடைத்தது. அவருக்குப் பின்னால் நின்ற றொபினுடைய வானுக்கும் கிடைத்தது. இன்னும் ஏழெட்டு வாகனத்தோடு பம்பை மூடிவிட்டார்கள். மேளக்காரரின் வான் கண்ணுக்கெட்டாத தூரத்தில் நின்றது.

வாகீசன் கோயில் தர்மகர்த்தாவோடு போனில் பேசிவிட்டு வந்தான். முகம் இருண்டிருந்தது. அங்கேயும் அனுப்ப வாகனம் இல்லை. நாளை விடியக் கொடி.

றொபின் வானுக்குப் பக்கத்தில் நின்றான். ஞாயிறு ஆராதனைக்கு லூர்த்தம்மா போன்ற நடக்க முடியாதவர்களை ஏற்றிவருவது இந்த வான்தான். போன இரண்டு ஞாயிறும் அவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். இந்த ஞாயிறு கட்டாயம் வருவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். மருதங்கேணிப் பக்கம் போய் வந்தால் இந்த டீசல் அதோடு சரி. அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. இந்த எழுத்தோடு நிற்கிற வானைக் கோயில் வாசலில் கண்டால் சபையில் ஆர் ஆர் என்ன சொல்வார்கள் என்பதையும் அவன் நினைத்தான்.

"என்ன யோசிக்கிறியள்?" என்று ஷாமினி கேட்டாள்.

"உனக்குத் தெரியும்."

"தெரியும். தவில்காரர் குந்தியிருக்கிறதைப் பாத்துக்கொண்டு நான் வீட்டை போக மாட்டன்."

லான்ட்மாஸ்ரரைத் திருப்பிக்கொண்டிருந்த சீவரத்தினம் அதை நிறுத்தினார். என்ன கதை என்று கேட்டார். கேட்டுவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை உங்கடை சனத்தை நான் ஏத்திவந்து விடுறன். வெங்காயத்துக்குத் தண்ணி இறைச்சது போக டீசல் மிச்சம் இருக்கும். நீர் இவங்களைக் கொண்டுபோய் விடும்" என்றார்.

"கோயிலுக்கோ ஐயா? இந்த வானிலையோ?"

"ஏன், எழுத்துக் கனக்கப் பாரமோ?"

றொபின் சிரித்துவிட்டான். அதோடு முடிவாகிவிட்டது. தவில்களும் நாதஸ்வரங்களும் சபை வானுக்கு மாறின. மேளக்காரரின் வானை வரிசையில் பார்த்துக்கொள்கிற பொறுப்பைத் துரைராஜா ஏற்றார். "நான் எங்கை போறது? எனக்கு இன்னும் பெற்றோலே வரேல்லை" என்றார்.

கடலோரப் பாதையில் போய்ச் சேரும்போது வெயில் மஞ்சளாகியிருந்தது. கோயில் வீதியில் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தர்மகர்த்தா கையில் போனோடு வாசலில் நின்றார். வான் வந்து நின்றதும் அதன் பக்கத்திலிருந்த எழுத்தை மெதுவாக வாசித்தார். பிறகு கதவு திறந்து முதல் தவில் இறங்குவதைப் பார்த்தார். மீண்டும் எழுத்தை வாசித்தார்.

"இவர் போதகர், ஐயா" என்றான் வாகீசன். "இவராலைதான் வந்து சேந்தம்."

தர்மகர்த்தா கை இரண்டையும் கூப்பினார். "காலமையிலை இருந்து இந்த றோட்டையே பாத்துக்கொண்டு நிக்கிறன் தம்பி. எதிலை வருமெண்டு எல்லாம் யோசிச்சனான். இதிலை வருமெண்டு மட்டும் யோசிக்கேல்லை." தோரணம் கட்டிக்கொண்டிருந்த பெடியன்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அன்னதான மடத்திலிருந்து ஒரு பெண்மணி இரண்டு குவளையோடு வந்தார். சமையலுக்குப் பொறுப்பான ஞானாம்பிகை. "தம்பி, பிள்ளை, இது பிரசாதமில்லை, வெறும் தேத்தண்ணி. யோசியாமல் குடியுங்கோ" என்றார். தன் மனதிலிருந்ததை இவர் எப்படி அறிந்தார் என்று றொபின் வெட்கப்பட்டான். அந்த வெட்கத்தோடேயே ஒரே மூச்சில் குடித்தான்.

கஞ்சிக் கதை முழுவதையும் வாகீசன் ஞானாம்பிகைக்குச் சொல்லியிருந்தான். பானைக்கு அரிசி போதாமல் நேற்றுத் தேவமலர் இலையைக் கூட்டிக் கஞ்சியைத் தண்ணீராக்கியதையும் கவனித்துச் சொல்லியிருந்தான். அவர்கள் புறப்படும்போது இரண்டு பேர் அரிசி மூட்டையைத் தூக்கிவந்து வானுக்குள் வைத்தார்கள். இன்னொருவர் இரண்டு பூசணிக்காயும் ஒரு கடகம் கத்தரிக்காயும் கொண்டு வந்தார்.

"அம்மா, இது உங்கடை திருவிழாச் சாமான்" என்றான் றொபின்.

"எங்களுக்குப் போதும். சனம் வர பஸ் இல்லை. வாறவை குறைவாத்தான் இருக்கும். இது இன்னும் அம்மனுக்குப் படைக்கேல்லை. வெறும் அரிசிதான். நீங்கள் உங்கடை ஜெபத்தைச் சொல்லிக் குடுங்கோ, எனக்கொண்டும் இல்லை. பசிச்ச ஆக்களுக்குப் போய்ச் சேந்தால் சரி."

திரும்பும் வழியில் ஒரு இடத்தில் ஷாமினி, "எழுத்துப் பாரமாத்தான் இருந்ததோ?" என்று கேட்டாள். "இல்லை" என்றான் றொபின். "இண்டைக்குத்தான் அது சரியா இருந்தது."

ஞாயிறு காலையில் தகரக் கூரைச் சபையின் முன்னால் லான்ட்மாஸ்ரர் சத்தம் கேட்டது. பெட்டியில் பாய் விரித்து, அதன்மேல் லூர்த்தம்மாவும் இன்னும் ஐந்து முதியவர்களும் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். திருநீற்று நெற்றியோடு சீவரத்தினம் ஓட்டினார். சபை மூப்பர் ஒருவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். லூர்த்தம்மா பெட்டிக்கு மேலிருந்தே, "முதல்ல என்னை இறக்குங்கோ, பிறகு கதையுங்கோ" என்றார். இறக்கி முடிந்தபோது மூப்பருக்குச் சொல்ல வந்தது மறந்துவிட்டது. ஆராதனை முடியும்வரை சீவரத்தினம் வெளியே வேப்பமரத்தின் கீழ் இருந்தார். உள்ளே பாடுகிறபோது அவருடைய பாதம் தாளம் போட்டதை வாசலுக்குக் கிட்ட இருந்தவர்கள் கண்டார்கள்.

அன்று மத்தியானம் கஞ்சி இல்லை. சோறும், பூசணிக்காய்க் கறியும், கத்தரிக்காய்ப் பால்கறியும். சமைத்த பானைகளையும் சபையாரையும் சேர்த்து லான்ட்மாஸ்ரர் நெல்லியடிக்குக் கொண்டுவந்தது. சோற்றுக்கு முன்னால் நின்று தேவமலர் முதன்முறையாக வாய்விட்டு ஜெபித்தார். நாலு வரிதான். அரிசி தந்தவர்களையும் ஆசீர்வதியும் என்று அதில் ஒரு வரி இருந்தது. பெற்றோல் வரிசை முழுக்க எழும்பி நின்று கேட்டது. ஒருவரும் கேட்கும்படி சொல்லவில்லை.

பாதிப் பேருக்குச் சோறு போட்டபோதுதான் சந்தியில் பெற்றோல் பவுசர் திரும்பியது. வரிசை அப்படியே கிளம்பியது. இயந்திரத்தை இயக்கினால் மிச்சமிருக்கிற பெற்றோலும் போய்விடும் என்று ஒரு கையால் வாகனத்தைத் தள்ளிக்கொண்டு, மறு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு சனம் முன்னேறியது. வாத்தியார் மோட்டார் சைக்கிள் இருக்கையில் தட்டை வைத்துத் தள்ளினார். தேவமலரும் ஷாமினியும் வாளியோடு வரிசைக்குப் பக்கத்தில் ஓடி ஓடி, நகர்கிற தட்டுகளில் கறியை விட்டார்கள். றொபின் கிற்றாரை முதுகில் போட்டுவிட்டு ஓட்டோ ஒன்றுக்குத் தோள் கொடுத்தான். பம்பில் நின்ற பெண் ஒருத்தி, "எனக்கும் ஒரு தட்டு வையுங்கோ அக்கா" என்று கேட்டாள். அவளுக்கு இரண்டு முறை போட்டார்கள்.

பின்னேரமளவில் துரைராஜா பெற்றோல் ராங்கை நிரப்பிக்கொண்டு ஓட்டோவை வெளியே எடுத்தார். இயந்திரம் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவருக்கே சிரிப்பு வந்தது. தேவமலர் வீதியோரத்தில் பானைக்குள் கையை விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார். கிட்ட போய் நிறுத்தினார்.

"ஏறும். வீட்டை போவம்."

"பொறுங்கோ, பானை கழுவோணும். நாளைக்கும் வரிசை நிக்கும்" என்றார் தேவமலர்.

துரைராஜா டீசல் வரிசையின் கடைசிப் பக்கம் பார்த்தார். மேளக்காரரின் வானுக்குப் பின்னால் புதிதாக ஆறேழு வாகனங்கள் வந்து நின்றிருந்தன. அவர் இயந்திரத்தை நிறுத்தினார். இறங்கி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பானையின் மற்றக் காதைப் பிடித்தார்.